சுங்கை சிப்புட்டில் வீட்டு சோலார்: பத்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சிப்புட் மின்கடை

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஒரு மின்சாரக் கடை வைத்திருக்கிறேன். காற்றாடி, வாட்டர் ஹீட்டர், பம்ப், வீட்டு வயரிங், இதுதான் வேலை. மூன்று ஃபேஸ் வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறது. அப்பா தோட்டத்தில் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். அவரிடம் கற்றுக்கொண்ட தொழில் இது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சோலார் கம்பெனி வந்திருக்கிறது. கூடவே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு. இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) 24 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, முதல் வருஷம் வெறும் மீட்டர் மட்டும் மாட்டப் போகிறார்கள். எந்த மணிக்கு எவ்வளவு கரண்டு ஓடுகிறது, எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார்களாம். இரண்டாம் வருஷத்திலிருந்து, விருப்பப்பட்ட வீடுகளுக்கு மாதத் தவணையில் சோலார் போட்டுத் தருவார்கள். உள்ளூர்க் கூட்டாளியாக என்னைக் கேட்கிறார்கள். ஒப்பந்தம் பத்து வருஷம்.

தாள் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று இடம் எனக்கு உறுத்துகிறது. பராமரிப்புக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்கள்; அது பத்து வருஷத்துக்கும் மாறாது. இந்தப் பத்து வருஷமும் வேறு கம்பெனியின் சோலார் வேலையை நான் தொடக்கூடாது. அளவெடுத்த விவரமெல்லாம் கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும்தான் சொந்தம். வீட்டுக்காரரைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த 24 வீட்டில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த குடும்பங்கள். டோவன்பி, ஹீவூட், எல்பில் என்று சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்து லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். கம்பெனி ஆள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைப் படிக்க மாட்டார்கள். நான் சொன்னால் கையெழுத்துப் போடுவார்கள். போன வாரம் ஒரு பாட்டி வீட்டுக்கு ஃபியூஸ் பாக்ஸ் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பத்து வருஷம் கழிச்சு இது கெட்டுப்போனா நான் யாரைய்யா கூப்பிடுறது? உன்னையா, அவங்களையா?" எனக்குப் பதில் வரவில்லை.

என்னிடம் ஒரு கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. அந்தப் பாட்டி வீட்டிலேயே மெயினில் மாட்டிப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒன்றரை ஆம்பியர் கூட இல்லை. ஐஸ்பெட்டி, ஒரு காற்றாடி, டிவி. சாயங்காலம் மகன் வேலை விட்டு வந்து ஹீட்டரைப் போட்டதும் ஒரேயடியாகப் பதினைந்தைத் தாண்டியது. வெயில் அடிக்கிற நேரத்தில் கரண்டு வேண்டாம், வேண்டிய நேரத்தில் வெயில் இல்லை. இந்த மாதிரி வீட்டுக்கு சோலார் கட்டுப்படியாகுமா? அப்புறம், இந்த ஒப்பந்தம் எனக்குச் சரிதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: கூலிம் அக்கா

தம்பி, கூலிம் ஹைடெக் பூங்காவில் பேனல் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் நிறைய வருஷம் வேலை பார்த்தவள் நான். முதலில் கணக்கைப் பார்ப்போம், ஒப்பந்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

பாட்டி வீட்டு பில் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முதல் கேள்வி. 2025 ஜூலை 1 முதல், நமக்கு மின்சாரம் தருகிற டி.என்.பி.யின் கட்டணம் மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் உள்ள வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கம்பித் தடக் கட்டணம் 12.85 சென். மூன்றும் சேர்ந்தால் யூனிட்டுக்கு 44.43 சென். ஆனால் குறைவாகப் பயன்படுத்துகிற வீட்டுக்குச் சிக்கனச் சலுகை உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழித்துவிடுவார்கள். அப்படியென்றால் 200 யூனிட் எரிக்கிற வீடு கட்டுவது 38 வெள்ளி (ரிங்கிட்) 86 சென். யூனிட் ஏற ஏறச் சலுகை தேய்ந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் ஒன்றும் கிடையாது.

ஆக, பாட்டி வீட்டு பில் நாற்பது ஐம்பது வெள்ளி என்றால் பேச்சே வேண்டாம். அந்த வீட்டுக்கு சோலார் விற்கிறவர் யாராக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்யவில்லை. உங்கள் வாயால் அதை அவரிடம் சொல்லுங்கள்.

பெரிய பில் வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏர்கான், கூட்டுக் குடும்பம், 1,100 யூனிட். மற்ற சில்லறைக் கட்டணமும் வரியும் சேர்வதற்கு முன்பே 488 வெள்ளி ஆகிவிடும். ஏழு பேனல், ஒவ்வொன்றும் 580 வாட் என்று வையுங்கள்; சுமார் 4 கிலோவாட். நம் நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் நூறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே எதிர்பார்க்கலாம். 420 யூனிட் என்றே போடுகிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பழைய நெம் திட்டத்தில் நீங்கள் கம்பிக்கு அனுப்புகிற ஒரு யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட் கழித்தார்கள். அது 2025 ஜூன் 30-உடன் மூடிவிட்டது. 2026 ஜனவரி முதல் வந்திருக்கிற சோலார் அதாப் திட்டத்தில், வீட்டுக்காரர் வெளியே அனுப்புகிற யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும்தான் வரவு, அதாவது 27.03 சென். மிச்சமான வரவை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. நீங்களே பகலில் எரித்தால் அதே யூனிட் 44.43 சென் மிச்சப்படுத்துகிறது.

இதை வைத்துப் போட்டுப் பாருங்கள். 420 யூனிட்டில் பாதியை வீட்டிலேயே பயன்படுத்தினால் மாத மிச்சம் சுமார் 150 வெள்ளி. ஐந்தில் ஒரு பங்குதான் பகலில் எரிகிறது என்றால் 128 வெள்ளி. ஐந்தில் நாலு பங்கு என்றால் 172 வெள்ளி. போட்ட செலவு 18,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், முதல் வீட்டுக்குப் பணம் திரும்பப் பத்து வருஷம், இரண்டாவதற்குப் பன்னிரண்டை ஒட்டி, மூன்றாவதற்கு ஒன்பதுக்கும் குறைவு. பேனல் ஒன்றுதான், கூரை ஒன்றுதான். துணி துவைக்கிற நேரமும் சோறு வடிக்கிற நேரமும் மூன்று வருஷத்தை மாற்றிவிடுகிறது. அதனால்தான் முதல் வருஷம் மீட்டர் மட்டும் மாட்டுகிறோம் என்று ஆய்வுக் குழு சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவசரப்பட்டு பேனலை ஏற்றாமல் வீட்டின் பழக்கத்தை முதலில் எழுதி வைக்கிறார்கள். அந்த ஒரு வருஷத்தை யாரும் சுருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையைப் பற்றி ஒன்று. பேனலில் எழுதியிருக்கிற 580 வாட், செல் 25 பாகை சூட்டில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. நம் ஊர் ஜிங்க் கூரை மேல் நண்பகலில் செல்லின் சூடு 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்றால், பத்து சதவீதத்துக்கு மேல் சூட்டிலேயே போய்விடுகிறது. கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள். அப்புறம், சுங்கை சிப்புட் மலையடிவாரம். பிற்பகலில் மேகம் கூடி மழை பிடிக்கிற ஊர். பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள் இருக்கிறோம், ஆகவே வடக்கா தெற்கா என்பது பெரிய விஷயமில்லை. கிழக்கா மேற்கா என்பதுதான் விஷயம். காலை வெயில் வாங்குகிற கிழக்குச் சரிவு கிடைத்தால் அதை விடாதீர்கள். இந்த ஊர் மழைக்கு எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று ஆய்வுக் குழுவை அளக்கச் சொல்லுங்கள், இது அவர்களுக்கே நல்ல கேள்வி.

ஒப்பந்தத்தைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

---

பதில்: பகாவ் தாமான்காரர்

அண்ணே, நான் நெகிரி செம்பிலானில் இருக்கிறேன். என் வீட்டில் பழைய நெம்மில் சோலார் போட்டு ஓடுகிறது. பில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு மழைக் காலத்தில் இடி விழுந்து இன்வெர்ட்டர் (பேனல் தருகிற கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி) போய்விட்டது. மாட்டிய கம்பெனிக்கு அடித்தால் அந்த நம்பரே இல்லை. இன்வெர்ட்டருக்கு வாரண்டி இருந்தது, தயாரித்தவர்கள் மாற்றித் தரவும் சம்மதித்தார்கள். ஆனால் அதைக் கழற்றி அனுப்பி, புதியதை மாட்டி, சோதனை செய்து கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே. பக்கத்துப் பட்டணத்தில் எவரும் "நாங்க போட்டது இல்லையே" என்று தொடமாட்டேன் என்கிறார்கள். ஆள் கிடைக்கும் வரை கூரை மேல் பேனல் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தது, முழு பில் கட்டினேன்.

ஆகவே அந்தப் பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. பேனலுக்கு 25 வருஷ வாரண்டி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வாரண்டியை நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்க உங்களை மாதிரி ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். இந்த வேலையில் உங்கள் மதிப்பு என்ன என்று கம்பெனிக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

வேறு கம்பெனி சோலாரைத் தொடக்கூடாது என்ற வரியை எப்படியாவது எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக மாட்டக்கூடாது என்றால் கூடச் சரி. பழுது பார்க்கக்கூடாது என்றால், ஊரில் என்னை மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் எங்கே போவது?

இன்னொன்று. பெங்களூரில் செல்கோ என்று ஒரு நிறுவனம், 1995-இல் ஹரீஷ் ஹண்டே இன்னொருவரோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஏழை வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் சோலார் விளக்கு போடுகிறவர்கள். அவருக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் செய்த நல்ல காரியம், கிராம வங்கிகளோடு நீண்ட காலத்துக்குச் சேர்ந்து கடன் ஏற்பாடு செய்தது. சாமான் விற்கிற பகுதியிலேயே பழுது பார்க்கும் ஆட்களை வைத்தது. தவணையையும் அந்த வீட்டில் காசு புழங்குகிற வழக்கத்தைப் பார்த்து அமைத்தார்கள். நம் ஊரிலும் செம்பனைத் தோட்ட வேலைக்காரருக்கு ஒரு மாதம் காய் நிறைய, ஒரு மாதம் குறைச்சல். தவணை எல்லா மாதமும் ஒரே மாதிரி இருந்தால் குறைச்சலான மாதத்தில் இடறும். இதையும் கேளுங்கள்.

---

சிப்புட் மின்கடை

அக்கா, நன்றி. பாட்டி வீட்டு பில் வாங்கிப் பார்த்தேன், 230 யூனிட்டை ஒட்டி ஓடுகிறது. நேரிலேயே போய், "பாட்டி, உங்களுக்கு இது வேண்டாம், மீட்டர் மட்டும் மாட்டிக்கொள்ளட்டும், பேனலுக்குக் கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். 24 வீட்டில் பெரிய பில் வருகிற வீடு எது என்று என் அனுபவத்தில் கணக்குப் போட்டால், கால் பங்கு தேறும். ஒரு தையல் கடை வீடு இருக்கிறது, பகல் முழுக்க மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும். பலகாரம் போட்டு பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) கொண்டுபோகிற ஓர் அக்கா வீட்டில் இரண்டு பெரிய ஃப்ரீசரும் ஒரு கிரைண்டரும். பிள்ளை பார்க்கிற வீடு ஒன்று, பகலெல்லாம் ஏர்கான். நீங்கள் சொன்ன கணக்கு இந்த மாதிரி வீடுகளுக்குத்தான் பொருந்தும் என்று இப்போது புரிகிறது.

கம்பெனி ஆளிடம் இதைச் சொன்னேன். அவர் "24 வீடும் வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் திட்டம் நிலைக்காது" என்கிறார். ஆய்வுக் குழுவில் இருக்கிற பெண் பேராசிரியர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். பேனல் போடாத வீடுகளும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் உதவும் என்கிறார். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பேசினால் நான் யார் பேச்சைக் கேட்பது?

பகாவ் அண்ணே, பழுது பார்க்கும் வரியைப் பற்றிக் கேட்டுவிட்டேன். "யோசிக்கிறோம்" என்றார்கள்.

---

பதில்: ஓய்வுபெற்ற கிராணி

தம்பி, நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சோலார் எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் தெரியும்.

லயத்தில் நாங்கள் இருந்தபோது சாயங்காலம் இஞ்சின் போடுவார்கள், ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்கு. யாரைக் கேட்பது? இஞ்சின் தோட்டத்துடையது, எண்ணெய் தோட்டத்துடையது, நேரமும் தோட்டத்துடையது. விளக்கு எங்கள் வீட்டில் எரிந்தது, ஆனால் அதில் எங்களுக்கு ஒரு சொல் கிடையாது. இன்று நீங்கள் காட்டுகிற ஒப்பந்தத்தில் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பம் வேலையும் வீடும் இழந்து நின்றது. அப்போது 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அவர் உங்கள் ஊர்க்காரர்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளைப் பங்கு வாங்கச் சொன்னார். பால்மரம் வெட்டிய கை பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்றால், காசு போட்டவர் பங்குக்காரர். அவர் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்க முடியும்.

உங்கள் 24 வீட்டுக்காரர்களும் ஒரு சின்னக் குழுவாக அமையட்டும். கம்பெனி, பல்கலைக்கழகம், நீங்கள், அந்தக் குழு: நாலு பேரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒப்பந்தத்தைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கோவில் மண்டபத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ எல்லோரும் உட்கார்ந்து, எந்த வீட்டில் எவ்வளவு உற்பத்தி, எத்தனை பழுது, எத்தனை நாளில் சரி செய்தார்கள் என்று தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ அறிக்கை கொடுத்துவிட்டுப் போனால் பாட்டிக்கு என்ன புரியும்?

பராமரிப்புக் கட்டணம் பத்து வருஷமும் மாறாது என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷத்துக்கு முன் ஒரு ஏணி என்ன விலை, இன்று என்ன விலை? மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பேசி மாற்றலாம் என்று போடுங்கள். அதோடு, பராமரிப்புப் பணத்தை வருஷா வருஷம் கம்பெனி தருவதாக இல்லாமல், ஒரு பங்கைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டி வைக்கச் சொல்லுங்கள். கம்பெனி மூடினாலும் அந்தக் கணக்கு இருக்கும்.

---

பதில்: கூலிம் அக்கா

ஐயா சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை, தனிக் கணக்கு அருமையான யோசனை. அந்தக் கணக்கு எதற்கு என்பதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்கிறேன்.

பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் அளவுக்குத்தான் தேயும். 20 வருஷம் ஆனாலும் பத்தில் ஒன்பது பங்கு தரும். இன்வெர்ட்டர் அப்படியில்லை. வெப்பமான ஊரில் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அப்போது மூவாயிரம் வெள்ளிக்கு மேல் செலவு. தம்பி, உங்கள் ஒப்பந்தம் எத்தனை வருஷம்? பத்து. வீட்டுக்குப் போட்ட பணம் திரும்புவது எப்போது? பத்தை ஒட்டி. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. கம்பெனியின் பொறுப்பு முடிகிற வருஷத்தில்தான் வீட்டுக்காரருக்கு முதல் பெரிய செலவு வருகிறது. பத்து வருஷத்தை நீண்ட காலம் என்று நினைக்கிறோம், ஆனால் இந்தச் சாமானுக்கு அது பாதி வழிதான். ஆகவே ஒன்று, ஒப்பந்தத்தைப் பதினைந்தாக்குங்கள். இல்லையென்றால் முதல் இன்வெர்ட்டர் மாற்றும் செலவை அந்தத் தனிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அளவு விவரம் யாருக்குச் சொந்தம் என்பது அடுத்தது. கூலிமில் 2008-லிருந்து ஃபர்ஸ்ட் சோலார் பேனல் செய்கிறது. அந்த நிறுவனம் சோலார் செல்ஸ் என்ற பழைய பெயரில் சின்னதாக இருந்த காலத்திலேயே, அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து வேலை செய்தது. 1995-இல் அந்த ஆய்வுக்கூட வளாகத்தில் தங்கள் பேனல்களை வெயிலில் வைத்தார்கள். பதினைந்து வருஷத்துக்கும் மேலாக ஆய்வுக்கூடம் அதை அளந்துகொண்டே இருந்தது. இடையில் கம்பெனி பெயர் மாறியது, முதலாளி மாறினார், சந்தை ஏறி இறங்கியது. அளவு மட்டும் நிற்கவில்லை. கம்பெனி தன் பேனலைப் பற்றி என்ன சொன்னாலும், மூன்றாவது ஆள் கையில் அளவு இருந்ததால்தான் மற்றவர்கள் நம்பினார்கள்.

உங்கள் ஊரில் அந்த மூன்றாவது ஆள் பல்கலைக்கழகம். அவர்களுடைய ஆய்வு நிதி இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடலாம், பிறகு அளப்பது யார்? மீட்டரின் கடவுச்சொல் உங்களிடமும் வீட்டுக்காரரிடமும் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டின் விவரமும் அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம், மற்றவர்கள் அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம் என்று இருக்க வேண்டும். எந்த நேரம் வீடு காலியாக இருக்கிறது என்று மணிக் கணக்கில் காட்டுகிற விவரம் அது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்ல கம்பெனி இதற்கு மறுப்புச் சொல்லாது.

கம்பெனி ஆளும் பேராசிரியரும் இரண்டு விதமாகப் பேசுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அது கெட்ட அறிகுறி இல்லை. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்தான் நான் பயந்திருப்பேன். "பேனல் போடாத வீடும் திட்டத்தில் ஒரு வீடுதான்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் 24 என்ற எண்ணிக்கையும் குறையாது, பாட்டியின் வீடும் தப்பும். கம்பெனி ஆளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

தொழில் விஷயமாக இரண்டு வார்த்தை, நீங்கள் வயர்மேன் என்பதால். பேனலிலிருந்து வருகிற டிசி பக்கமும் வீட்டுக்குப் போகிற ஏசி பக்கமும் இடி தாங்கும் சாதனம் போடாமல் ஒரு வீட்டையும் ஆன் பண்ணாதீர்கள், எர்த் ரீடிங்கைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனல் வயரில் எம்சி4 கனெக்டர் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கட்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், பொருந்தியும் விடும், உள்ளே சூடு பிடித்து உருகும். கூரைத் தீ பல இடங்களில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்புறம், மைனா கூடு கட்டாமல் ஓரத்தில் வலை.

---

சிப்புட் மின்கடை

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் யோசனையைப் பேராசிரியரிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். வருஷக் கூட்டத்தைத் தமிழில் நடத்தத் தன் மாணவர் ஒருவர் இருக்கிறார் என்றார். அந்த மாணவர் லூனாஸ்காரராம்.

கம்பெனிக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்காரர் குழு ஒரு தரப்பு, இன்வெர்ட்டருக்குத் தனிக் கணக்கு, பழுது பார்க்கத் தடையில்லை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கட்டணப் பேச்சு, விவரம் வீட்டுக்காரருக்குச் சொந்தம். முதல் இரண்டையும் ஒத்துக்கொண்டால்தான் கையெழுத்து என்று முடிவு செய்திருக்கிறேன். கட்டணத்தில் கொஞ்சம் இறங்கிப் பேசத் தயார், அது என் பாடு. அந்த முதல் இரண்டும் தாமான் குடும்பங்களின் பாடு, அதில் நான் இறங்க முடியாது.

இன்னும் ஒரு சந்தேகம் அக்கா. தையல் கடை வீட்டுக் கூரை மேற்குச் சரிவு, கிழக்குப் பக்கம் பக்கத்து வீட்டு மாடி நிழல் காலை பத்து மணி வரை விழுகிறது. மேற்கில் முழுதும் போடுவதா, இல்லை இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டு இரண்டு டிராக்கர் (இரண்டு சரிவுப் பேனலையும் தனித்தனியாகக் கையாளுகிற பகுதி) உள்ள இன்வெர்ட்டர் வாங்குவதா?

---

கூலிம் அக்கா

பிரித்துப் போடுங்கள். தையல் மெஷின் காலையிலேயே ஓட ஆரம்பிக்கிறது என்றால், பத்து மணிக்கு நிழல் விலகியதும் கிழக்குப் பக்கம் கைகொடுக்கும்; கிழக்கில் மூன்று, மேற்கில் நாலு. ஆனால் பேனல் ஏற்றுவதற்கு முன் நிழலை ஜூனில் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள் படம் எடுத்துப் பாருங்கள், சூரியன் வடக்கும் தெற்கும் போய் வருகிறது. மீட்டர் வருஷம் அதற்கும் சேர்த்துத்தான்.